எண்ணைக் கடைசியில் சொல்லுங்கள்: பொன் விகிதத்தை வகுப்பறையில் செய்து காண ஒரு வழிகாட்டி

பொன் விகிதப் பாடம் பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே கெட்டுவிடுகிறது. கரும்பலகையில் 1.618 என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு பிள்ளைகள் அளப்பதில்லை. அந்த எண் வரும்வரை ஸ்கேலை நகர்த்துகிறார்கள். 16 செ.மீ. என்று வந்ததை அடித்துவிட்டு 16.2 என்று எழுதுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: எண்ணைச் சொல்லாதீர்கள். பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். மடிக்கட்டும், வரையட்டும், அளக்கட்டும், வகுக்கட்டும். வேறு வேறு வேலைகளில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருவதை அவர்களே கண்டுபிடித்துக் கேட்கும்போது பெயர் சொன்னால் போதும்.

8 முதல் 10ஆம் வகுப்பு வரை இது பொருந்தும். 40 நிமிடப் பீரியட் மூன்று தேவை. மடிப்பும் செவ்வகமும் முதல் நாள், முடிச்சும் நிரூபணமும் இரண்டாம் நாள், எண்வரிசையும் அன்னாசிப் பழமும் மூன்றாம் நாள். ஒரே பீரியடில் எல்லாவற்றையும் திணித்தால் நிரூபணம்தான் முதலில் கைவிடப்படும். அதைக் கைவிட்டால் மீதியெல்லாம் வெறும் கைவேலை.

தேவையான பொருள்கள்

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஏ4 தாள் எட்டு, 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று, கவராயம் இரண்டு, கத்தரிக்கோல் ஒன்று, நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாளில் ஒரு துண்டு, கால் சார்ட் அட்டை. 30 செ.மீ. ஸ்கேல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜாமென்ட்ரி பாக்ஸில் வரும் ஸ்கேல் 15 செ.மீ.தான். அதை வைத்து 16 செ.மீ. கோட்டை அளக்க இரண்டு தடவை வைக்க வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலிலும் அரை மில்லிமீட்டர் போய்விடும்.

கவராயத்தைப் பாடத்துக்கு முன்பே பாருங்கள். திருகு தளர்ந்திருந்தால் வில் வரையும்போதே கால்கள் விரியும். வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது. பென்சில் முனையும் ஊசி முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தாளுக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டால் ஊசி வழுக்காது. வெறும் பெஞ்சின் மேல் வைத்து வரைந்தால் ஊசி நிச்சயம் நகரும்.

முதல் வேலை: ஒரே ஒரு மடிப்பு

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., நீளம் 29.7 செ.மீ. அதிலிருந்து 21 செ.மீ. சதுரம் வெட்ட வேண்டும். வழக்கம்போல மூலையைக் குறுக்கே மடித்து வெட்டினால் சதுரத்தின் நடுவே ஒரு மூலைவிட்ட மடிப்பு விழுந்து, பின்னால் குழப்பும். அதற்குப் பதில் ஒரு தாளின் மேல் இன்னொரு தாளைக் குறுக்காக, மூலை மூலையோடு சேர வையுங்கள். மேல் தாளின் ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டு வெட்டுங்கள். மிஞ்சும் 21 × 8.7 செ.மீ. துண்டை எறிய வேண்டாம், நாளைக்கு வேண்டும்.

சதுரத்தின் இடது கீழ் மூலைக்கு அ, வலது கீழ் மூலைக்கு ஆ, வலது மேல் மூலைக்கு இ, இடது மேல் மூலைக்கு ஈ என்று பெயரிடச் சொல்லுங்கள்.

1. மூலை இ-யை மூலை ஆ-வின் மேல் வைத்து, வலது ஓரத்தில் மட்டும் நகத்தால் கிள்ளிவிடவும். முழுவதும் மடிக்க வேண்டாம். கிள்ளிய இடம் வலப்பக்கத்தின் நடுப்புள்ளி. அதற்கு ந என்று பெயர்.

2. அ-விலிருந்து ந-வுக்கு ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போடவும்.

3. இடது ஓரமான அ-ஈ, அந்தப் பென்சில் கோட்டின் மேல் சரியாகப் படியும்படி தாளை மடிக்கவும். மடிப்பு அ என்ற மூலையிலிருந்தே தொடங்க வேண்டும். மூலையை விரலால் அழுத்திக்கொண்டு மற்றக் கையால் ஓரத்தைக் கோட்டோடு சேர்த்தால் எளிது.

4. பிரிக்கவும். மடிப்புத் தழும்பு மேல் ஓரத்தைத் தொடும் இடத்தை ப என்று குறிக்கவும். ஈ-ப எவ்வளவு, ப-இ எவ்வளவு என்று அளக்கவும்.

மூன்றாம் படியில், பிரிப்பதற்கு முன், ஒரு சோதனை செய்யலாம். மடிந்து வந்த மூலை ஈ, ந-வைத் தொடாது. அதற்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். அ-ந கோட்டின் நீளம் 23.5 செ.மீ., மடிந்த ஓரம் 21 செ.மீ. என்பதால் அந்த இடைவெளி. அது இரண்டோ மூன்றோ செ.மீ. ஆகத் தெரிந்தால் நடுப்புள்ளி தவறு, அல்லது சதுரம் சதுரமாக இல்லை.

சரியாகச் செய்த குழுவுக்கு 13 செ.மீ., 8 செ.மீ. என்று கிடைக்கும். யாராவது ‘எனக்கு 5 செ.மீ. வருது, அதுவும் பக்கவாட்டு ஓரத்துல’ என்றால், அவர் இடது ஓரத்தை மடிக்காமல் கீழ் ஓரத்தை மடித்திருக்கிறார். மடிப்பு வலது ஓரத்தில் ஆ-வுக்கு 5 செ.மீ. மேலே தொட்டிருக்கும். தாளை வாங்கிப் பார்க்காமலேயே இதைச் சொல்லிவிடலாம்.

இப்போது மூன்று நீளங்கள் கையில் இருக்கின்றன: 21, 13, 8. இரண்டு வகுத்தல் செய்யச் சொல்லுங்கள். முழுக் கோட்டைப் பெரிய துண்டால் வகுத்தால் 1.615. பெரிய துண்டைச் சிறிய துண்டால் வகுத்தால் 1.625. ஏறக்குறைய ஒன்றே. இதுதான் இந்தப் பாடத்தின் கரு: முழுமைக்கும் பெரிய துண்டுக்கும் என்ன உறவோ, அதே உறவு பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும். யூக்ளிட் ‘எலிமென்ட்ஸ்’ ஆறாம் நூலின் தொடக்கத்தில் கொடுத்த வரையறையும் இவ்வளவுதான். அங்கே பொன்னும் இல்லை, அழகும் இல்லை. ஒரு கோட்டை வெட்டும் முறை மட்டுமே. ‘பொன் வெட்டு’ என்ற பெயர் ஜெர்மனியில் மார்ட்டின் ஓம் 1835-இல் வெளியிட்ட கணிதப் பாடநூல் பதிப்பில்தான் அச்சில் வருகிறது. பண்டைக் கிரேக்கர் வைத்த பெயர் என்று சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாம் வேலை: கவராயத்தால் செவ்வகம்

10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரையவும். அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியை, அதாவது 5 செ.மீ.-ஐக் குறிக்கவும். ஊசியை அங்கே ஊன்றி, எதிரே மேலே உள்ள வலது மூலைவரை கவராயத்தை விரிக்கவும், விரிவு 11.2 செ.மீ. இருக்கும். அடிப்பக்கத்தை வலப்புறம் நீட்டி, அந்தக் கோட்டை வில்லால் வெட்டவும். இடது மூலையிலிருந்து வெட்டிய இடம்வரை அளந்தால் 16.2 செ.மீ. அந்த நீளத்துக்குச் செவ்வகத்தை மூடவும்.

சிறு கவராயங்கள் 11 செ.மீ. விரியும்போது ஆடும். அப்படியானால் 8 செ.மீ. சதுரம் எடுத்துக்கொள்ளுங்கள். விரிவு 8.9, மொத்த நீளம் 12.9 செ.மீ.

மிகப் பொதுவான தவறு, ஊசியை நடுப்புள்ளியில் ஊன்றாமல் மூலையில் ஊன்றுவது. அப்போது 16.2-க்குப் பதில் 14.1 வரும். அந்தத் தாளைக் கசக்க விடாதீர்கள். அந்தப் பிள்ளை வரைந்தது ஏ4 தாளின் வடிவம். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 1.414. ஏ4 தாளைப் பொன் செவ்வகம், அதாவது பக்கங்கள் பொன் விகிதத்தில் அமைந்த செவ்வகம், என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அந்தத் தவறான வரைபடமே அதற்குப் பதில் சொல்லிவிடும்.

அளவைப் பற்றி இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மில்லிமீட்டர் ஸ்கேலில் 16.2 என்று படித்தால், உண்மை 16.15-க்கும் 16.25-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது. 10 என்பதும் 9.95-க்கும் 10.05-க்கும் நடுவே. ஆகவே விகிதம் 1.607-இலிருந்து 1.633 வரை எதுவாகவும் இருக்கலாம். ‘1.6’ என்று உறுதியாகச் சொல்லலாம். அடுத்த இலக்கம் 1, 2, 3 ஏதோ ஒன்று. கால்குலேட்டரில் வந்த எட்டு இலக்கத்தையும் நோட்டில் எழுதுவது பொய்க் கணக்கு என்பதை இந்த இடத்தில் புரியவைத்தால் இயற்பியல் ஆசிரியரும் உங்களுக்கு நன்றி சொல்வார்.

இதையே இன்னும் அழுத்தமாகக் காட்ட ஒரு கழித்தல் விளையாட்டு இருக்கிறது. செவ்வகத்திலிருந்து சதுரத்தை வெட்டி எடுத்தால் மிஞ்சுவதும் அதே வடிவச் செவ்வகம். அதிலிருந்தும் சதுரத்தை வெட்டலாம். எண்ணில் செய்யுங்கள்: 16.2, 10, 6.2, 3.8, 2.4, 1.4, 1.0, 0.4. அடுத்தடுத்த இரண்டை வகுத்தால் 1.62, 1.61, 1.63, 1.58, 1.71, 1.4, 2.5. முதலில் அடக்கமாக இருந்த விகிதம் கடைசியில் தறிகெட்டு ஓடுகிறது. தொடக்கத்தில் 16.18-ஐ 16.2 என்று எழுதிய அந்த 0.2 மி.மீ. ஒவ்வொரு கழித்தலிலும் பெருகியதுதான் காரணம். கத்தரிக்கோலால் வெட்டினாலும் இதே கதைதான். நான்காவது சதுரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அளக்காமல் சோதிக்க ஒரு வழி

சார்ட் அட்டையில் ஒரே அளவுச் செவ்வகங்கள் இரண்டு வெட்டவும். ஒன்றைப் படுக்கையாகவும் அதன் வலப்பக்கம் ஒட்டினாற்போல் இன்னொன்றை நிமிர்த்தியும் மேசைமேல் வைக்கவும்; அடி ஓரங்கள் ஒரே கோட்டில் இருக்கட்டும். படுக்கை அட்டையின் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலை வழியாக ஸ்கேலை நீட்டினால், அது நிமிர்ந்த அட்டையின் வலது மேல் மூலையைச் சரியாகத் தொட வேண்டும். தொட்டால் பொன் செவ்வகம். எண்ணே தேவையில்லை.

இந்தச் சோதனைக்கு ஏடிஎம் கார்டை உட்படுத்துங்கள். உண்மையான கார்டு வேண்டாம், 85.6 × 54 மி.மீ. அளவில் அட்டை வெட்டினால் போதும். ‘ஏடிஎம் கார்டு பொன் விகிதத்தில் இருக்கிறது’ என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஸ்கேல் மூலைக்கு இரண்டரை மில்லிமீட்டர் மேலே போகும். கார்டின் விகிதம் 1.586, நெருக்கம்தான், ஆனால் அது அல்ல. பென்சில் பெட்டி, நோட்டு, செல்போன், ஜன்னல் என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்குவார்கள். சோதிக்கட்டும். பெரும்பாலும் ‘இல்லை’ என்றே வரும், அந்த ‘இல்லை’யும் பாடம்தான்.

மூன்றாம் வேலை: காகித முடிச்சு

எடுத்துவைத்த 21 × 8.7 செ.மீ. துண்டில் நீளவாக்கில் 2 செ.மீ. அகலப் பட்டைகள் நான்கு வரும், ஆளுக்கொன்று. கயிற்றில் போடும் சாதாரண முடிச்சுதான்: ஒரு வளையம் போட்டு, ஒரு முனையை அதற்குள் நுழைத்து இழுக்க வேண்டும். ஆனால் காகிதத்தில் மெதுவாக. பட்டையைத் தட்டையாகவே வைத்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கவும். ஓரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் ஓட்டை இல்லாமல் ஆன பிறகுதான் நகத்தால் அழுத்த வேண்டும். முன்னாலேயே அழுத்தினால் தழும்பு தவறான இடத்தில் விழுந்து, பிறகு திருத்த முடியாது. அவசரமாக இழுத்தால் மூலைகள் கசங்கும்.

அழுத்தியதும் கையில் இருப்பது ஐங்கோணம். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாலைப் பின்பக்கம் மடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். வகுப்பு கொஞ்ச நேரம் கலையும், கலையட்டும்.

பிறகு ஐங்கோணத்தின் ஒரு பக்கத்தையும், ஒரு மூலையிலிருந்து அடுத்ததற்கு அடுத்த மூலைக்குள்ள மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். 2 செ.மீ. பட்டையில் பக்கம் 21 மி.மீ., மூலைவிட்டம் 34 மி.மீ. வகுத்தால் 1.619. ஆனால் இவ்வளவு சிறிய உருவத்தில் அரை மில்லிமீட்டர் பிசகு 1.56 முதல் 1.68 வரை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே ஒவ்வொரு குழுவும் பிரவுன் தாளில் 5 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளப் பட்டை வெட்டி இன்னொரு முடிச்சுப் போடட்டும். இப்போது பக்கம் 53 மி.மீ., மூலைவிட்டம் 85 மி.மீ. அளவில் வரும்; பிசகின் எல்லையும் பாதிக்கும் குறைவாகச் சுருங்கும். செய்தித்தாள் வேண்டாம், துவண்டுவிடும். வழவழ அட்டையும் வேண்டாம், முடிச்சில் உடையும்.

எல்லாக் குழுவின் விகிதங்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஒன்றையும் திருத்தாதீர்கள். மடிப்பில் வந்த எண்ணும் செவ்வகத்தில் வந்த எண்ணும் முடிச்சில் வந்த எண்ணும் ஒன்றையொன்று நெருங்குவதை யாராவது கவனிப்பார்கள். ‘ஏன் சார்?’, ‘ஏன் மிஸ்?’ என்ற கேள்வி வரும்வரை காத்திருங்கள். அதுதான் நிரூபணத்துக்கான நேரம்.

நான்காம் வேலை: ஏன் அப்படி?

இதற்குத் துல்லியமான ஐங்கோணம் ஒன்று தேவை. 5 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்து, மையத்தில் 0°, 72°, 144°, 216°, 288° என்று குறிக்கவும். ஐந்தையும் ஒரே அடிக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். ஒரு புள்ளியை வைத்து அடுத்தது என்று தொடுத்துக்கொண்டே போனால், ஒவ்வொன்றிலும் ஒரு டிகிரி பிசகி, கடைசிப் பக்கம் மட்டும் நாலைந்து டிகிரி கோணலாக வந்து சேரும். சரியாக வந்தால் பக்கம் 5.9 செ.மீ., மூலைவிட்டம் 9.5 செ.மீ.

மூலைகளுக்கு வரிசையாக அ, ஆ, இ, ஈ, உ என்று பெயரிடுங்கள். பக்கத்தின் நீளம் 1 அலகு, மூலைவிட்டத்தின் நீளம் ம அலகு என்று கொள்வோம். அ, இ, ஈ மூன்றையும் சேர்த்தால் ஒல்லியான ஒரு முக்கோணம்: அ-இ, அ-ஈ இரண்டும் மூலைவிட்டங்கள், இ-ஈ பக்கம். கோணங்கள் அ-வில் 36°, மற்ற இரண்டில் 72°. இப்போது இ-யையும் உ-வையும் சேர்த்தால் அந்தக் கோடு அ-ஈ கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடம் ப.

இந்த முக்கோணத்தைச் சார்ட் அட்டையில் வெட்டி, இ-ப கோட்டில் இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கையில் இரண்டு துண்டுகள். இ, ஈ, ப என்ற சிறு துண்டைத் திருப்பி, வெட்டாத இன்னொரு பெரிய முக்கோணத்தின் மேல் வைத்தால் கோணங்கள் அப்படியே பொருந்தும்: 36°, 72°, 72°. அதாவது இ-ப நீளமும் 1. மிஞ்சிய துண்டிலும் இரண்டு கோணங்கள் 36°; எனவே அ-ப நீளமும் 1. அப்படியானால் ப-ஈ நீளம் ம − 1.

பெரிய முக்கோணமும் சிறியதும் வடிவொத்தவை. பெரியதில் நீண்ட பக்கம் ம, குறும்பக்கம் 1. சிறியதில் நீண்ட பக்கம் 1, குறும்பக்கம் ம − 1. ஆகவே ம-வுக்கும் 1-க்கும் உள்ள விகிதமே 1-க்கும் ம − 1-க்கும். குறுக்கே பெருக்கினால்

ம² = ம + 1

10ஆம் வகுப்பு என்றால் இருபடிச் சூத்திரம் போட்டு (1 + √5) ÷ 2 என்று முடித்துவிடலாம். கீழ் வகுப்புக்கு ஊகித்துச் சரிபார்ப்பதே நல்லது. 1.6-ஐ எடுத்தால் வர்க்கம் 2.56, வேண்டியது 2.6, கொஞ்சம் குறைவு. 1.62-இன் வர்க்கம் 2.6244, வேண்டியது 2.62, கொஞ்சம் கூடுதல். 1.618-இன் வர்க்கம் 2.617924, வேண்டியது 2.618. இப்போது பலகையில் 1.618 என்று எழுதுங்கள். பொன் விகிதம், தங்க விகிதம், ஃபை ஆகிய பெயர்களையும் இப்போதே எழுதலாம். √5 உள்ளே இருப்பதால் இந்த எண் எந்தப் பின்னத்துக்கும் சமமாகாது. எந்த ஸ்கேலும் இதைச் சரியாகக் காட்டியிருக்க முடியாது என்பதும் புரிந்துவிடும்.

ஐந்தாம் வேலை: குறிலும் நெடிலும்

மூன்றாம் நாளைத் தமிழ் வகுப்பிலிருந்து தொடங்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். கேள்வி இது: குறிலையும் நெடிலையும் மட்டும் வைத்து 4 மாத்திரையை எத்தனை வகையாக நிரப்பலாம்? குறிலுக்கு 2 செ.மீ., நெடிலுக்கு 4 செ.மீ. காகிதத் துண்டுகள் வெட்டிக் கொடுத்து, 8 செ.மீ. கோட்டின் மேல் அடுக்கச் சொல்லுங்கள். வரிசை மாறினால் வேறு வகை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் 3 என்பார்கள். விடை 5.

1 மாத்திரைக்கு 1 வகை, 2-க்கு 2, 3-க்கு 3, 4-க்கு 5, 5-க்கு 8. அடுத்தது 13 என்பதை எண்ணாமலே சொல்லலாம். கடைசி எழுத்து குறிலானால் முன்னால் 5 மாத்திரை மிச்சம், அதற்கு 8 வகை. நெடிலானால் 4 மாத்திரை மிச்சம், அதற்கு 5 வகை. இரண்டையும் கூட்டினால் 13. பிராகிருத, வடமொழி யாப்பில் லகு, குரு என்ற அசைகளைக் கொண்டு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தவர் ஹேமச்சந்திரர், சுமார் 1150-இல். அவருக்கு முன்பே விரஹாங்கர் இதைக் கையாண்டிருக்கிறார். இத்தாலியின் ஃபிபனாச்சி இதே எண்வரிசை வரும் முயல் கணக்கை எழுதிய நூல் 1202-இல் வந்தது. தமிழ் யாப்பு நேரசை நிரையசை என்று வேறு வழியில் போவதால் இந்தக் கேள்வி நம் இலக்கண நூல்களில் எழுந்தது என்று சொல்லிவிட வேண்டாம். மாத்திரை என்ற அளவு மட்டும் கைக்கு வாகாக இருக்கிறது.

வரிசையை நீட்டி வகுத்துப் பாருங்கள்: 8 ÷ 5 = 1.6, 13 ÷ 8 = 1.625, 21 ÷ 13 = 1.615, 34 ÷ 21 = 1.619, 55 ÷ 34 = 1.618. ஒன்று குறைவு, அடுத்தது கூடுதல் என்று இருபுறமும் மாறி மாறி நெருங்கும். முதல் நாள் மடிப்பில் வந்த 21, 13, 8-உம் முடிச்சில் வந்த 34, 21-உம் நினைவுக்கு வந்து யாராவது நோட்டைப் புரட்டுவார்கள்.

கிராஃப் தாளில் 1, 1, 2, 3, 5, 8 செ.மீ. சதுரங்களைச் சுற்றிச் சுற்றி ஒட்டினால் 13 × 8 செவ்வகம் வரும். ஒவ்வொன்றிலும் கால் வட்டம் வரைந்தால் சுருள். கால் வட்டத்தின் மையத்தை எந்த மூலையில் வைப்பது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். விதி இது: முந்தைய வில்லின் மையம், இரண்டு வில்லும் சேரும் புள்ளி, புதிய வில்லின் மையம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மீறினால் சேரும் இடத்தில் கூர்மையாக ஒடியும்.

ஆறாம் வேலை: அன்னாசிப் பழம்

நடுத்தர அளவுப் பழம் ஒன்று, மேல்கொண்டையோடு. இரண்டு நிறக் குண்டூசிகள் போதும். பழத்தின் கண்கள் சாய்வான வரிசைகளாக ஓடும். ஒரு பக்கம் படுக்கையாகச் சாய்ந்த வரிசைகள், எதிர்ப்பக்கம் செங்குத்தாகச் சாய்ந்தவை. முதலில் ஒரு வரிசை முழுவதும் சிவப்பு ஊசி குத்துங்கள், அது தொடக்கம். அதற்கு இணையான அடுத்த வரிசையில் ஒரு ஊசி, அதற்கடுத்ததில் ஒரு ஊசி என்று சுற்றி வந்து சிவப்பு வரிசையை அடையும்வரை எண்ணவும். தொடக்க வரிசையைக் கடைசியில் மறுபடி எண்ணி ஒன்று கூட்டிவிடுவதே வழக்கமான பிழை. பெரும்பாலும் ஒரு திசையில் 8, மறுதிசையில் 13 வரும். அடியில் கண்கள் நசுங்கியிருக்கும் என்பதால் பழத்தின் நடுப்பகுதியில் எண்ணுங்கள்.

காரணத்தையும் சொல்லலாம். குருத்தில் புதிய கண் ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து சுமார் 137.5° தள்ளிப் பிறக்கிறது. முழு வட்டமான 360°-ஐப் பொன் விகிதத்தில் வெட்டினால் சிறிய துண்டு 137.5°. அந்தக் கோணம் எந்தச் சிறு பின்னத்துக்கும் பக்கத்தில் இல்லாததால் கண்கள் நேர்வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை.

அன்னாசியைக் காட்டினால், நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் சங்கும் பொன் விகிதத்தில் விரியும் பொன் சுருள்தானே என்று யாராவது கேட்பார்கள். பொன் சுருள் ஒரு முழுச் சுற்றில் 6.85 மடங்கு விரிய வேண்டும். நாட்டிலஸ் விரிவது சுமார் 3 மடங்குதான். பொன் விகிதத்தில் கட்டியது என்று சொல்லப்படும் ஏதென்ஸின் பார்த்தினன் கோவிலும் அப்படியே: மேடையின் நீளம் 69.5 மீட்டர், அகலம் 30.9 மீட்டர், வகுத்தால் 2.25. முக அழகு, தொப்புள் உயரம் பற்றிய பேச்சுக்குப் பெரிதும் காரணம் 1854-இல் அடால்ஃப் ஸைசிங் என்ற ஜெர்மானியர் எழுதிய நூல். பிள்ளைகளின் முகத்தை அளந்து மதிப்பெண் போடும் செயல்பாட்டை எந்த வகுப்பிலும் வைக்காதீர்கள். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற வரையறை இல்லாத அளவில் எந்த விகிதத்தையும் வரவைக்கலாம். மனம் நோவது மட்டும்தான் மிச்சம்.

சீக்கிரம் முடிப்பவர்களுக்கு

எல்லா வகுப்பிலும் நாலைந்து பேர் பத்து நிமிடம் முன்னாலேயே முடித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஜார்ஜ் ஓடம் கண்ட அமைப்பைக் கொடுங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக எல்லாரும் வட்டத்துக்குள் முக்கோணம் வரைந்துகொண்டே இருக்க, இது அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி இதழில் 1983-இல்தான் வெளிவந்தது.

6 செ.மீ. ஆரத்தில் வட்டம். அதே விரிவில் சுற்றிலும் ஆறு புள்ளிகள் வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்று சேர்த்தால் சமபக்க முக்கோணம். இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்த்து, அந்தக் கோட்டை இருபுறமும் வட்டம்வரை நீட்டவும். நடுப்புள்ளிகளுக்கு இடையே 5.2 செ.மீ., ஒரு நடுப்புள்ளியிலிருந்து வட்டம்வரை 3.2 செ.மீ. வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிரூபணம் நாலு வரி. முக்கோணத்தின் பாதிப் பக்கத்தை த என்று கொண்டால், நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள நீளமும் த. வட்டம்வரை நீட்டிய துண்டு ர. நடுப்புள்ளியில் இரண்டு நாண்கள் வெட்டுகின்றன: முக்கோணத்தின் பக்கம் ஒன்று, நீட்டிய கோடு ஒன்று. வெட்டும் நாண்களின் துண்டுகளைப் பெருக்கினால் சமம் என்பதால் த × த = ர × (த + ர). இரண்டு பக்கத்தையும் ர²-ஆல் வகுத்து, த ÷ ர என்பதை ம என்று எழுதிப் பார்த்தால், முந்தைய நாள் ஐங்கோணத்தில் கிடைத்த அதே ம² = ம + 1.